மூக்குத் தண்டில் புண், கண்ணில் காற்று: சிபேப் மாஸ்க்கை மாற்றுவதா, பட்டையை இறுக்குவதா?

வேம்படித் திண்ணை (தஞ்சாவூர்)

அனைவருக்கும் வணக்கம். வயது 61. என் குறட்டையைப் பற்றி வீட்டில் வெகுகாலமாகப் புகார் உண்டு. மகள் வற்புறுத்தியதால் தூக்கப் பரிசோதனை செய்துகொண்டேன். ஏ.எச்.ஐ. 42 என்று வந்தது. அதாவது மணிக்குச் சராசரியாக 42 முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைந்துபோகிறது. 30-ஐத் தாண்டினாலே தீவிரம் என்று சொல்லி மருத்துவர் ஆட்டோ சிபேப் எழுதிக் கொடுத்தார். தூங்கும்போது தொண்டை அடைபடாமலிருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தருகிற இயந்திரம் அது; அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அழுத்தம் 6 முதல் 14 சென்டிமீட்டர் நீரளவு வரை.

இயந்திரத்தில் குறையில்லை. தொல்லை எல்லாம் மாஸ்க்கில். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற முழுமுக மாஸ்க் ஒன்றைக் கடையில் கொடுத்தார்கள். "மீடியம் எல்லோருக்கும் பொருந்தும் சார்" என்றார்கள். நடுராத்திரியில் மேல் ஓரம் வழியாகக் காற்று பீய்ச்சிக் கண்ணில் அடிக்கிறது. காலையில் கண் சிவந்து உறுத்துகிறது. மூக்குத் தண்டின் மேல் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. கடைக்குப் போன் செய்தால், பட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்கிறார்கள். இறுக்கினால் புண், தளர்த்தினால் விசில். மாஸ்க்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டார்களாம். புதிது வாங்குவதற்கு முன் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

கடுக்காய் (மதுரை)

அந்த மாஸ்க்கைப் பரணில் போடுங்கள். மூக்குத் துளையில் உட்காரும் பில்லோ மாஸ்க் வாங்குங்கள். கையளவு பொருள், எடையே தெரியாது, கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகம் படித்தபடியே தூங்கலாம். கடைக்காரர்கள் முழுமுக மாஸ்க்கையே தலையில் கட்டுவதற்குக் காரணம், அதில் விலை அதிகம். வாய் திறந்தாலும் புகார் வராது என்ற நினைப்பும் உண்டு. புகார் வேறு இடத்திலிருந்து வருகிறது, அவ்வளவுதான்.

மூச்சுக்காற்று (கோயம்புத்தூர்)

தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் தொழில்நுட்பர் வேலை எனக்கு. ஐயா, முதலில் பட்டையை இறுக்குவதை நிறுத்துங்கள்.

குஷனின், அதாவது மாஸ்க்கில் முகத்தோடு ஒட்டும் சிலிகான் பகுதியின், உள் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். தடித்த சிலிகானுக்கு மேல் மெல்லிய மடல் ஒன்று தனியாக நிற்கும். இயந்திரம் ஓடும்போது காற்று அந்த மடலுக்குள் புகுந்து அதை உப்ப வைக்கும். உப்பிய மடல் முகத்தின் மேடு பள்ளத்தோடு படிந்துகொள்ளும். கசிவைத் தடுப்பது அந்த மடல்தான், பட்டையின் இறுக்கம் அல்ல. அளவுக்கு மீறி இறுக்கினால் மடல் நசுங்கி ஓரிடத்தில் மடிந்துவிடும். மடிந்த இடம்தான் உங்கள் விசில். அதை அடக்க மேலும் இறுக்குவீர்கள், மூக்குத் தண்டு புண்ணாகும். நான் பார்க்கிற புண்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவை.

இன்று இரவே செய்து பாருங்கள். நாலு பட்டைகளையும் நன்றாகத் தளர்த்திவிட்டு, வழக்கமாகத் தூங்கும் தலையணையில், வழக்கமான பக்கமாகப் படுங்கள். இயந்திரத்தை ஓடவிடுங்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு முன்னால் இழுத்து, மடல் உப்பியதும் மெதுவாகத் திரும்ப வையுங்கள். அதன்பின் மேல் பட்டைகள் இரண்டையும் சமமாகவும், அடுத்துக் கீழ்ப் பட்டைகள் இரண்டையும் சமமாகவும், கசிவு நிற்கும் வரை மட்டும் இழுங்கள். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். உங்கள் இயந்திரத்தில் மாஸ்க் பொருத்தம் பார்க்கும் வசதி இருந்தால் அதையும் ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் இயந்திரம் குறைந்த அழுத்தத்தில் இருக்கும். அப்போது ஒட்டிய மாஸ்க், விடியற்காலையில் அழுத்தம் 12, 13 என்று ஏறும்போது பிய்த்துக்கொள்வது சகஜம்.

உட்கார்ந்தபடி கடையில் போட்டுப் பார்த்தது கணக்கில் சேராது. படுத்தால் கன்னச் சதை பின்னால் சரிந்து முகம் வேறு அளவாகிறது.

சில கேள்விகள்: இரவில் மூக்கு அடைக்கிறதா? மீசை உண்டா? பல் செட் உண்டா? மல்லாந்து படுப்பீர்களா, ஒருக்களித்தா?

வேம்படித் திண்ணை (தஞ்சாவூர்)

விளக்கமான பதிலுக்கு நன்றி தம்பி. மீசை உண்டு, அடர்த்தியாகவே உண்டு. மேல் தாடையில் பல் செட். படுக்கும்போது கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிடுவேன். கடையில் மாஸ்க் பார்க்கும்போது போட்டிருந்தேன். மூக்கு பொதுவாகத் திறந்துதான் இருக்கும். மார்கழிப் பனியில் மட்டும் ஒவ்வாமை. வலது பக்கம் ஒருக்களித்துப் படுப்பேன்.

மூச்சுக்காற்று (கோயம்புத்தூர்)

பாதி விடை அங்கேயே இருக்கிறது. பல் செட்டைக் கழற்றினால் மேலுதடு உள்வாங்கும், கன்னம் குழியும், மூக்குக்கும் மோவாய்க்கும் உள்ள தூரம் குறையும். பகல் முகத்துக்கு எடுத்த மீடியம், இரவு முகத்துக்குப் பெரிது. பெரிய முழுமுக மாஸ்க் மேலே ஏறித்தான் உட்காரும். அப்போது காற்று கண்ணுக்குத்தான் போகும்.

பல் செட் இல்லாமல், வாயைச் சற்றே திறந்து, மூக்குத் தண்டின் பள்ளத்திலிருந்து கீழுதட்டின் கீழே உள்ள குழி வரை அளந்து பாருங்கள். மாஸ்க் நிறுவனங்களின் இணையதளங்களில் அளவுத் தாள் கிடைக்கும். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை நீக்கிவிட்டு, நூறு சதவீத அளவில் அச்சிடுங்கள். இல்லையென்றால் தாளே பொய் சொல்லும்.

கடுக்காய் (மதுரை)

அளவெல்லாம் சரி. முழுமுக மாஸ்க்கில் ஒட்ட வேண்டிய ஓரத்தின் நீளமே அதிகம். கசிய இடமும் அதிகம். இதில் சிறிசு என்ன, பெரிசு என்ன?

இந்த மாஸ்க்கின் பூர்வீகத்தைப் பார்த்தால் நாம் புண்ணியம் செய்தவர்கள். 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் முதன்முதலில் சிபேப் கொடுத்தபோது கடையில் வாங்க மாஸ்க்கே கிடையாது. நோயாளியின் மூக்குக்கு அச்செடுத்து, இரவுதோறும் சிலிகான் பசையால் முகத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தார்கள். காலையில் பிய்த்து எடுக்க வேண்டும். 1981-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது. அன்றைக்கும் மூக்கு வழியாகத்தான் காற்று கொடுத்தார். வாயை மூடுகிற வேலையெல்லாம் பின்னால் வந்தது.

பனைமரக் காடு (தூத்துக்குடி)

கடுக்காய் அண்ணனுக்கு மூக்கு நேராக இருக்கிறது, அதனால் பேசுகிறார். எனக்கு மூக்கின் நடுச்சுவர் வளைந்திருக்கிறது. ஒரு துளை முக்கால் நேரம் அடைப்பு. பில்லோ போட்ட இரவெல்லாம் மூச்சு முட்டி, மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் விடிந்தது. முழுமுக மாஸ்க்தான் என்னைக் காப்பாற்றியது. ஒருவருக்கு ஒத்துக்கொண்டதை ஊருக்கே சட்டமாக்க வேண்டாம்.

மூச்சுக்காற்று (கோயம்புத்தூர்)

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூக்கு மாஸ்க் அல்லது பில்லோவை முதலில் பரிந்துரைக்கிறது. முழுமுக மாஸ்க்கில் பொதுவாகக் கசிவு கூடுதல், தேவைப்படும் அழுத்தமும் கூடுதல், தொடர்ந்து அணிபவர்களும் குறைவு. ஆகவே தொடக்கம் மூக்கிலிருந்து இருக்கட்டும். ஆனால் பனைமரக் காடு சொல்வது போன்ற அடைப்பு இருந்தால் மூக்கு மாஸ்க் வதைதான். அவர் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அடைப்பு சரியானால் அவருக்கும் வேறு மாஸ்க் பொருந்தலாம்.

ஐயாவின் மீசையைப் பற்றி: மூக்கின் அடியில் தொட்டிலாக உட்காரும் வகை மாஸ்க்குகள் மேலுதட்டின் மேல் ஒட்ட வேண்டியவை. அடர்ந்த மீசை அதைக் கெடுக்கும். பில்லோ துளையின் வாயிலிலேயே ஒட்டிக்கொள்வதால் மீசை பெரிய இடைஞ்சல் அல்ல.

கடுக்காய் (மதுரை)

மீசையை எடுத்துவிட்டால் எல்லா மாஸ்க்கும் பொருந்துமே!

வேம்படித் திண்ணை (தஞ்சாவூர்)

அது மட்டும் நடக்காது தம்பி.

மரிக்கொழுந்து (திருச்சி)

மீசைக்காரர்களுக்கே இவ்வளவு பேச்சு என்றால் மூக்குத்தி போட்டவர்களைப் பற்றி யாராவது யோசித்ததுண்டா? எனக்கு இருபுறமும் மூக்குத்தி. மூக்கை மூடும் முக்கோண மாஸ்க், மூக்குத்தியின் தலையை அழுத்திச் சிவக்க வைத்தது. கடுக்காய் சார் போற்றும் பில்லோவையும் வாங்கினேன். திருகாணி மூக்கின் உள்பக்கம் இருக்கிறதல்லவா? அந்தத் திருகு பில்லோவின் மெல்லிய சிலிகானைக் கீறிக் கீறி ஒரு நாள் கிழித்தே விட்டது. கழற்றி வைத்தால் துளை தூர்ந்துவிடும் என்று மாமியாருக்குக் கவலை. கடைசியில் எனக்குப் பொருந்தியது மூக்கின் அடியில் தாங்கும் தொட்டில் வகை. மூக்குத்தியின் மேலும் படாது, உள்ளே திருகிலும் படாது. மீசைக்கு ஆகாதது மூக்குத்திக்கு ஆகிறது.

பெண்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: தலைக்கு எண்ணெய் வைத்த அன்று தலைப்பட்டை வழுக்கிக் கழுத்துக்கு இறங்கும். பின்னலைப் பட்டைகளுக்கு நடுவே வெளியே எடுத்துவிட்டால் ஓரளவு நிற்கும். கொண்டையோடு படுத்தால் எந்தப் பட்டையும் நிற்காது.

செங்காந்தள் (சிங்கப்பூர்)

அப்பா காரைக்குடியில் இருக்கிறார், நான் இங்கிருந்து கவனித்துக்கொள்கிறேன். அவருக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. நான் வாங்க நினைக்கும் மாஸ்க்கின் கீழ்ப் பட்டைகளில் காந்தக் கொக்கி இருக்கிறது. விரல் நடுக்கம் உள்ளவர் என்பதால் அது வசதி என்று பார்த்தேன். போடலாமா?

மூச்சுக்காற்று (கோயம்புத்தூர்)

வேண்டாம் அம்மா. மாஸ்க் தயாரிக்கும் பிலிப்ஸ் நிறுவனம் 2022-லும், ரெஸ்மெட் நிறுவனம் 2023-லும் காந்தக் கொக்கி உள்ள தங்கள் மாஸ்க்குகளுக்கு எச்சரிக்கையை விரிவாக்கின. பேஸ்மேக்கர், இதயத் துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்வு தர மார்புக்குள் வைக்கும் டீஃபிப்ரிலேட்டர், மூளை இரத்தநாளத்தில் போடும் காந்தப் பண்புள்ள கிளிப் போன்றவை உள்ளவர்கள் அவற்றை அணியக் கூடாது. அருகில் படுப்பவருக்கு அவை இருந்தாலும் இதே விதிதான். பலர் அதைக் கவனிப்பதில்லை. அப்பாவுக்குப் பிளாஸ்டிக் கொக்கி உள்ள மாஸ்க்கை வாங்குங்கள். பட்டையின் நீளத்தை ஒரு முறை சரிசெய்துவிட்டால், அதன்பின் வெல்க்ரோவைத் தொடாமல் கொக்கியை மட்டும் மாட்டிக் கழற்றலாம். நடுக்கம் உள்ளவருக்கு அது கைவந்துவிடும்.

நெறியாளர்

ஒரு நினைவூட்டல்: மாஸ்க், பராமரிப்பு பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அழுத்தத்தைக் கூட்டு, குறை என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம். அப்படி வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன்.

உப்பளக் காற்று (மரக்காணம்)

உறவினர் ஒருவருக்கு மருத்துவமனையில் போட்ட மாஸ்க் வீட்டில் சும்மா கிடக்கிறது. புத்தம் புதிதாக இருக்கிறது. மாஸ்க்கில் குழாயை மாட்டும் வளைந்த துண்டு, அந்த முழங்கை, நீல நிறம். என் சிபேப் குழாய் அதில் சரியாகப் பொருந்துகிறது. பயன்படுத்தலாமா? ஆயிரக்கணக்கில் மிச்சமாகுமே.

மூச்சுக்காற்று (கோயம்புத்தூர்)

தயவுசெய்து போடாதீர்கள். இது விளையாட்டு இல்லை.

வீட்டு சிபேப் மாஸ்க்கின் முன்புறம் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும், அல்லது முழங்கையைச் சுற்றி மெல்லிய பிளவுகள் இருக்கும். நாம் விடுகிற கரியமில வாயு வெளியேறும் வழி அதுதான். அது கசிவு அல்ல. நீல முழங்கை பெரும்பாலும் துளையில்லாத மருத்துவமனை மாஸ்க்குக்கு அடையாளம். அங்கே வெளியேறும் வழி வென்டிலேட்டர் குழாயில் தனியாக இருக்கும். அதை வீட்டு இயந்திரத்தில் மாட்டினால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பீர்கள். குழாய் பொருந்துகிறது என்பதற்காக மாஸ்க் பொருந்தியதாக ஆகாது.

சிலர் 'சத்தம் வருகிறது' என்று அந்தத் துளைகளின் மேல் டேப் ஒட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அதுவும் இதே ஆபத்துதான்.

பனைமரக் காடு (தூத்துக்குடி)

டேப் என்றதும் ஞாபகம் வருகிறது. பில்லோ போடுகிறவர்கள் வாய் திறக்காமலிருக்க உதட்டில் டேப் ஒட்டிக்கொள்வதாக ஒரு காணொளியில் பார்த்தேன். மின்வெட்டு வந்தால் என்ன ஆகும்?

மூச்சுக்காற்று (கோயம்புத்தூர்)

நல்ல கேள்வி. முழுமுக மாஸ்க்கில் பாதுகாப்பு வால்வு ஒன்று இருக்கும். காற்று நின்றவுடன் அது திறந்து வெளிக்காற்றை விடும். அதற்குள் அழுக்குச் சேர்ந்து ஒட்டிக்கொள்ளாமல் கழுவும்போது பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்கு மாஸ்க்குக்கு அந்த வால்வு தேவையில்லை, வாய்தான் வால்வு. அதையும் டேப்பால் மூடிவிட்டால் என்ன மிச்சம்? வாந்தி வந்தாலும் ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் யாரும் செய்ய வேண்டாம்.

வேம்படித் திண்ணை (தஞ்சாவூர்)

நிலவரம் சொல்கிறேன். அளவுத் தாளில் பார்த்தால் நான் 'ஸ்மால்'. வேறொரு கடையில், படுக்கையில் படுத்தே போட்டுப் பார்க்க அனுமதித்தார்கள். பல் செட்டைக் கழற்றி வைத்ததைக் கண்டு அந்தப் பெண் சிரித்துவிட்டார். மூன்று அளவுப் பில்லோவும் ஒரே பெட்டியில் வருகிற மாஸ்க்கை வாங்கினேன். கண்ணில் காற்று அடிப்பது நின்றுவிட்டது. மூக்குத் தண்டின் புண் ஆறுகிறது. இயந்திரத் திரையில் கசிவுக்குப் பச்சை முகம் வருகிறது.

ஆனால் சில நாட்கள் காலையில் வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது. துளையின் ஓரம் கொஞ்சம் எரிகிறது.

கடுக்காய் (மதுரை)

எரிச்சலுக்கு வாஸ்லின் தடவாதீர்கள். சிலிகானுக்கும் ஆகாது, மாஸ்க்கும் வழுக்கும். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும், அதைத் தடவுங்கள். பில்லோவையும் ஓர் அளவு பெரிதாக மாற்றிப் பாருங்கள். சின்னது உள்ளே போய் உரசும், சரியானது வாயிலில் நிற்கும்.

மூச்சுக்காற்று (கோயம்புத்தூர்)

வாய் காய்வது வாய்வழிக் கசிவு. ரெஸ்மெட் இயந்திரம் என்றால் நிமிடத்துக்கு 24 லிட்டர் வரை கசிவை ஏற்றுக்கொள்ளும். பச்சை முகம் அந்தக் கணக்குதான். வேறு நிறுவனத்தின் இயந்திரத்தில், வெளியேற்றும் துளை வழியே போகிற காற்றையும் சேர்த்துக் காட்டக்கூடும். இரண்டு எண்களை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். இயந்திரத்தின் ஈரப்பதமூட்டியில் ஈரப்பதத்தை ஒரு படி கூட்டுங்கள். ஒவ்வாமைக்கு மருத்துவரிடம் மூக்கு ஸ்பிரே கேளுங்கள். மூக்கு திறந்திருந்தால் வாய் தானாக மூடிக்கொள்வது உண்டு. மோவாய்ப் பட்டை சிலருக்கு உதவும். பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள்.

சளி பிடித்த நாட்களுக்கு முழுமுக மாஸ்க் ஒன்று கையிருப்பில் இருப்பது நல்லது. பழைய மாஸ்க்கின் சட்டத்தில் (குஷனைத் தாங்கும் பிளாஸ்டிக் பகுதி) 'ஸ்மால்' குஷனும் பொருந்துமா என்று கடையில் கேளுங்கள். பல மாடல்களில் சட்டம் ஒன்றேதான், குஷனை மட்டும் மாற்றினால் போதும். அளவைக் குறிக்கும் எழுத்து குஷனின் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும்.

செங்காந்தள் (சிங்கப்பூர்)

அப்பாவின் மாஸ்க் சீக்கிரமே மஞ்சளாகிக் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. உதவிக்கு வரும் அக்கா டெட்டால் போட்டு வெந்நீரில் கழுவி மொட்டை மாடி வெயிலில் காய வைக்கிறார். சரியா?

மரிக்கொழுந்து (திருச்சி)

மூன்றுமே தவறு! டெட்டால் வாசனை சிலிகானில் ஏறினால் இறங்காது. இரவெல்லாம் அதைத்தான் மூச்சிழுக்க வேண்டும். கொதிநீரில் குஷன் தளரும், வெயிலில் சிலிகான் வெளிறி விறைக்கும். என் வழக்கம் இது: காலையில் எழுந்ததும் குஷனை மட்டும் கழற்றி, குழந்தைகளுக்கான சோப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அந்த மெல்லிய மடலின் இரு பக்கமும் விரலால் தேய்ப்பேன். மடலுக்கு அடியில்தான் முகத்தின் எண்ணெய்ப் பிசுக்கு ஒளிந்திருக்கும்; கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். நன்றாக அலசிவிட்டு நிழலில் துண்டின் மேல் கவிழ்த்து வைப்பேன். தலைப்பட்டையும் குழாயும் ஞாயிற்றுக்கிழமை. பட்டையை வாஷிங் மெஷினில் போட்டால் வெல்க்ரோவில் நூல் குப்பை ஒட்டிப் பிடிமானமே போய்விடும்.

படுக்கும் முன் முகம் கழுவுவது மாஸ்க் கழுவுவதில் பாதி. அப்பா நெற்றி நிறைய விபூதி பூசுபவர் என்றால் படுக்கும்போது துடைத்துவிடச் சொல்லுங்கள். மாஸ்க்கின் நெற்றித் தாங்கியில் அது அப்பி வழுக்கும். கொசுவத்தியை இயந்திரத்தின் பக்கத்தில் வைக்க வேண்டாம். எங்கள் வீட்டு ஃபில்டர் கருத்ததற்கு அதுதான் காரணம்.

உப்பளக் காற்று (மரக்காணம்)

ஓசோன் போட்டுச் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்று இணையத்தில் விற்கிறார்களே?

மூச்சுக்காற்று (கோயம்புத்தூர்)

அந்தப் பணத்துக்கு உதிரிக் குஷன் வாங்குங்கள். ஓசோன், புற ஊதா ஒளி கொண்டு சிபேப் சுத்தம் செய்யும் கருவிகள் எதற்கும் அதுவரை தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-ல் அறிவித்தது. ஓசோன் மிச்சம் நுரையீரலுக்குக் கெடுதல்.

வேம்படித் திண்ணை (தஞ்சாவூர்)

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்? பெட்டியோடு வந்த அட்டவணையைப் பார்த்தால் ஓய்வூதியம் போதாது போலிருக்கிறது.

கடுக்காய் (மதுரை)

அந்த அட்டவணை அமெரிக்கக் காப்பீட்டுக் கணக்கு. அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் மூக்குக் குஷனை மாதம் இரண்டு, முழுமுகக் குஷனை மாதம் ஒன்று, மாஸ்க் சட்டத்தை மூன்று மாதத்துக்கு ஒன்று, தலைப்பட்டையை ஆறு மாதத்துக்கு ஒன்று என்று கொடுக்கிறது. இங்கே நம் பையிலிருந்து போகிறது. தேதியைப் பார்க்காதீர்கள், குஷனைப் பாருங்கள். கழுவிக் காய்ந்த பிறகும் பிசுபிசுத்தால், மடல் நிமிராமல் துவண்டால், விளிம்பில் கண்ணுக்குத் தெரிந்த கீறல் இருந்தால் காலம் முடிந்தது. முன்பு கசியாத மாஸ்க்குக்குத் திடீரென்று பட்டையை இறுக்க வேண்டி வந்தால், குஷன் தளர்ந்ததா, பட்டை நீண்டுவிட்டதா என்று பாருங்கள். பட்டை என்றால் அதை மட்டும் வாங்கலாம்.

பனைமரக் காடு (தூத்துக்குடி)

கடுக்காய் அண்ணன் சொன்னதில் முதன்முறையாக எனக்கு மறுப்பில்லை. ஒரு சந்தேகம்: ஏசி அறையில் குழாய்க்குள் தண்ணீர் கோத்து, விடியற்காலையில் மாஸ்க் வழியாக முகத்தில் தெறிக்கிறது. மாஸ்க் கோளாறா?

மூச்சுக்காற்று (கோயம்புத்தூர்)

மாஸ்க் பாவம். ஈரப்பதமூட்டியின் சூடான ஆவி குளிர்ந்த குழாயில் பட்டு நீராகிறது. இயந்திரத்தைப் படுக்கையை விடத் தாழ்வாக வையுங்கள், நீர் திரும்பி ஓடிவிடும். குழாய்க்குத் துணி உறை போடுங்கள். பழைய வேட்டித் துணியில் தைத்தாலும் போதும். ஏசியை இரண்டு டிகிரி ஏற்றுங்கள். அப்படியும் தெறித்தால் ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள். சூடாக்கும் குழாய் உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று கடைசியாகப் பார்க்கலாம், விலை கொஞ்சம் கூடுதல்.

வேம்படித் திண்ணை (தஞ்சாவூர்)

'ஸ்மால்' குஷன் தனியாகக் கிடைக்குமாம், கும்பகோணத்துக் கிளையிலிருந்து வரவழைக்கிறார்கள். அதற்கு நெற்றித் தாங்கி இல்லாத சட்டமும் உண்டா என்று கேட்டிருக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மூச்சுக்காற்று (கோயம்புத்தூர்)

மாடல் எண்ணைப் பதியுங்கள் ஐயா. சட்டத்தின் உட்பக்கம், முழங்கை மாட்டும் வட்டத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் தெரியும்.